தெள்ளுப்பூச்சிச் சந்தையும் குப்பை பொறுக்கியவர்களும்

பாரிஸின் வடக்கு எல்லையில் கிளிஞாங்கூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, வட்டச்சாலைப் பாலத்தின் அடியில் நடந்து போனால் சான்-துவான் சந்தை வந்துவிடும். உலகின் மிகப் பெரிய பழம்பொருள் சந்தைகளில் ஒன்று. வெள்ளிக் கரண்டி, பீங்கான் தட்டு, கண்ணாடிச் சரவிளக்கு, பிரபுக்கள் வீட்டு நாற்காலி என எல்லாம் அங்கே கிடைக்கும். வெளிநாடு போகிறவர்கள் விலைச்சீட்டைப் பார்ப்பார்கள். நாம் சந்தையின் பெயரைப் பார்ப்போம்.

பிரெஞ்சில் அதன் பெயர் 'தெள்ளுப்பூச்சிச் சந்தை'. விற்பனைக்கு வந்த பழந்துணியிலும் மெத்தையிலும் தெள்ளுப்பூச்சி இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அந்தத் துணிகளைக் கொண்டுவந்தவர்கள் யார்?

'ஷிஃபோனியே' எனப்பட்ட கந்தல் பொறுக்குவோர். முதுகில் கூடை, ஒரு கையில் விளக்கு, மறுகையில் கொக்கி. இரவெல்லாம் தெருக் குப்பையைக் கிளறினார்கள். அவர்கள் பொறுக்கிய எலும்பு பொத்தானாயிற்று; எலும்புக்கரி சர்க்கரையை வெளுக்கப் பயன்பட்டது. மரக்கூழ் வரும்வரை காகிதம் கந்தல் துணியிலிருந்துதான் செய்யப்பட்டது. 1789இல் மனித உரிமைப் பிரகடனம் அச்சான தாளும் கந்தலிலிருந்து வந்ததே. அந்த உரிமை கந்தல் பொறுக்கியவரிடம் வந்து சேர்ந்ததா?

1828இல் பாரிஸ் காவல்துறை ஓர் ஆணை போட்டது. கந்தல் பொறுக்குவோர் தம் அடையாளம் பொறித்த உலோக வில்லையை அணிய வேண்டும். 1832இல் காலரா பரவியபோது குப்பை அள்ளும் வேலையை நகர நிர்வாகம் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது. பிழைப்பு போகிறது என்று கண்டவர்கள் குப்பை வண்டிகளை எரித்தார்கள். 1883இல் யூஜின் பூபெல் என்ற மாவட்ட ஆட்சி அதிகாரி, வீட்டுக் குப்பையை மூடியுள்ள தொட்டியில்தான் வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆயிரக்கணக்கானோரின் வேலையில் கைவைத்த ஆணை அது. இன்று பிரெஞ்சில் குப்பைத் தொட்டிக்கு 'பூபெல்' என்றே பெயர். தொட்டி தந்தவரின் பெயர் மொழியில் நிலைத்தது. நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்தவர்களின் பெயர்கள் அந்த வில்லைகளோடு போயின.

வீடுகள் இடிக்கப்பட்டும் வாடகை ஏறியும் அவர்களில் பலர் கோட்டைச் சுவருக்கு வெளியே ஒதுங்கினார்கள். சுவரை ஒட்டிக் கட்டடம் கட்டத் தடை இருந்த நிலத்தில் குடிசை போட்டார்கள். பொறுக்கியதைத் தரையில் விரித்து விற்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த வசதிக்காரர்கள் பொருள்களை வாங்கத் தொடங்கினார்கள். அதன்பின் கதை வேகமாக மாறியது. நில உரிமையாளர்கள் கடை கட்டி வாடகைக்கு விட்டார்கள். 1920 வாக்கில் வெர்னேசான் சந்தை, 1925இல் பிரோன் சந்தை. 2001இல் அந்த வட்டாரமே பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதியானது.

அழுக்கு காசாக மாறியதும் அழுக்கைத் தொட்டவர்கள் வெளியே போனார்கள். இன்றும் அந்தச் சந்தைக்குப் போகும் வழியில், குப்பையிலிருந்து எடுத்ததைத் துணி விரித்து விற்கும் ஏழைகளும் புலம்பெயர்ந்தோரும் இருக்கிறார்கள். போலீஸ் விரட்டுகிறது. போராடியபின் 2009இல் அருகிலேயே 100 இடங்கள் ஒதுக்கப்பட்டன. பாலத்தின் ஒரு பக்கம் மரபு, மறுபக்கம் குற்றம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அவர்களையும் தலித்துகளையும் அப்படியே ஒப்பிட முடியாது. தலைமுறை தலைமுறையாக அந்த வேலையில் உழன்ற குடும்பங்கள் அங்கும் உண்டு. ஆனால் கொக்கியைக் கீழே வைத்துக் கடை போட்டவரை, பாட்டன் செய்த தொழிலைச் சொல்லி வாசலில் நிறுத்த அங்கே சாத்திரம் இல்லை. வில்லையைக் கழற்றிவிடலாம். சாதி பிறக்கும்போதே மாட்டப்படுகிறது. வேலையை விட்டாலும் கழன்று விழாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். அதன்பிறகும் மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் சுரண்டலின் வழிமுறை இரு இடத்திலும் ஒன்று. உழைப்பை எடுத்துக்கொள், உழைத்தவரை ஊருக்கு வெளியே வை, பிறகு வரலாற்றிலிருந்தும் நீக்கு.

படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போகும் தோழர்களே, அந்தச் சந்தைகளுக்குப் போங்கள். பிடித்ததை வாங்குங்கள். ஆனால் 'இது எந்தக் காலத்தது?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். யார் கையால் இங்கு வந்தது என்றும் கேளுங்கள். ஊர் திரும்பியதும் அதே கேள்வியை நம் பாட்டி, தாத்தாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் கைபட்ட கருவிகளை யாரும் அருங்காட்சியகத்தில் வைக்கப்போவதில்லை. அந்த வேலை நம்முடையது.