எல் போர்ன்: சந்தை காத்த சரித்திரம்

கூவி விற்பவரும் பேரம் பேசுபவரும் அகன்றபின் ஒரு சந்தைக் கட்டடத்துக்குப் பெரும்பாலும் நேர்வது இடிபாடுதான்; பார்சிலோனாவின் எல் போர்ன் சந்தையோ அக்கதிக்குத் தப்பியதோடு, தன் அடியில் புதைந்து கிடந்த ஒரு நகரத்தையும் காத்துக் கொடுத்தது.

ஸ்பானிய அரியணைக்கு உரியவர் யாரென்று ஐரோப்பிய அரசுகள் போரிட்ட காலத்தில், ஹாப்ஸ்பர்க் வம்சத்துச் சார்லஸின் பக்ஷம் நின்ற பார்சிலோனா, ஓராண்டுக்கு மேற்பட்ட முற்றுகையைத் தாங்கி, 1714 செப்டம்பர் 11 அன்று வீழ்ந்தது. வென்ற ஐந்தாம் பிலிப், ஜனங்களை அடக்கி வைக்கப் பெரியதொரு கோட்டை எழுப்பக் கருதி, வணிகரும் கைவினைஞரும் செறிந்து வாழ்ந்த ரிபேரா பகுதியில் பெரும்பாகத்தைத் தரைமட்டமாக்கினார். குடியிருந்தவர்களே தங்கள் வீடுகளை இடித்துக்கொள்ள நேர்ந்தது என்பதைப் படிக்கையில் நெஞ்சு பதைக்கிறது.

ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கோட்டையும் இடிபட்டது. வெறுமையாய்க் கிடந்த வெளியில், ஜோசெப் பொன்ட்சேரே வகுத்த திட்டப்படி, இரும்புத் தூண்களும், காற்றோட்டத்துக்குச் சாய்வுச் சட்டங்கள் பதித்த சுவர்களும், நடுவே எண்கோண விமானமும் கொண்ட சந்தை 1876இல் திறக்கப்பட்டது. 1921 முதல் அது காய்கனிகளின் மொத்த வியாபார ஸ்தலமாயிற்று. 1971இல் வியாபாரம் புறநகருக்குப் பெயர்ந்தபோது கட்டடத்தை இடிக்க எழுந்த யோசனையை அண்டை அயலார் கிளர்ந்தெழுந்து தடுத்தனர். அவர்கள் அன்று அறிந்து காத்தது இரும்புக் கூரையை மட்டுமே.

பின்னர் அங்கே நூலகம் அமைக்க நிலத்தை அகழ்ந்தபோது, பிலிப் இடித்த ரிபேரா தெருத் தெருவாக வெளிப்பட்டது. கல் பாவிய வீதிகள், வீட்டு அடிச்சுவர்கள், கிணறுகள், ஊடே ஓடிய ரெக் கொம்தால் என்னும் பழைய வாய்க்கால், உடைந்த மட்பாண்டங்கள், முற்றுகையில் விழுந்த குண்டுகள் ஆகியவை, ராஜாங்கத்தின் தஸ்தாவேஜுகள் சொல்லாத சாமானியரின் ஜீவனத்தைச் சொல்லின. நூல்கள் வேறிடத்திலும் தங்கும். அந்தத் தெருக்களைப் பெயர்த்துச் செல்ல இயலாது. ஆகவே நூலகம் விலகியது நியாயமே என்பது என் துணிபு. இடிபாடுகளை மேலிருந்து காண நடைபாதைகளும், கண்காட்சிக்கும் கூட்டங்களுக்கும் மண்டபங்களும் அமைத்து, 2013 செப்டம்பர் 11 அன்று, நகரம் வீழ்ந்த அதே தேதியில், பண்பாட்டு நிலையமாகச் சந்தைக் கட்டடத்தைத் திறந்தார்கள்.