‘என்னங்க இது?’: ஆண் மார்பக வீக்கமும் மனைவியின் வியப்பும்

திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். “நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பார்த்துக்கிறேன்” என்று மனைவி மக்களை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றுவிடும் ஆண்கள் எல்லாருக்கும் பக்திக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆணின் வெற்று மார்பை இயல்பாகக் கொள்ளும் பண்பாடு நம்முடையது. கோயில், வயல், ஆற்றுப் படித்துறை, சில சமூகங்களில் மணவறை என எங்கும் அது மறைக்க வேண்டிய உறுப்பாக இருந்ததில்லை. மார்பு புடைத்த ஆணுக்கு இங்கே ஒளிந்துகொள்ள இடம் குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம். தொளதொளத்த சட்டை, உள்ளே இறுக்கமான பனியன், மேலே துண்டு, சற்றே முன்வளைந்த தோள் என ஊரிடமிருந்து மறைக்க அவன் பள்ளிக் காலத்திலேயே பழகிவிடுகிறான். மனைவியிடம் இந்த வித்தைகள் செல்லாது.

மணவாழ்வில் இந்த உடல்நிலையால் வரும் துயரத்துக்கு மனைவியின் அருவருப்பே காரணம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அவளுடைய வியப்பை அவன் அருவருப்பாக எடுத்துக்கொள்வதும், அதன்பின் இருவருக்குமிடையே விழும் மௌனமும்தான் துயரின் வேர். அந்த மௌனம் உடலுக்கும் கேடு செய்கிறது என்பது இங்கே முன்வைக்கும் இரண்டாவது கருத்து.

மருத்துவம் இதைக் கைனகோமாஸ்டியா என்கிறது. ஆண் உடலில் ஈஸ்ட்ரோஜனுக்கும் ஆண்ட்ரோஜனுக்கும் உள்ள விகிதம் குலையும்போது முலைக்காம்பின் அடியில் சுரப்பித் திசு வளர்கிறது. வெறும் கொழுப்பு சேர்வது வேறு, இது வேறு. பருவ வயதில் பையன்களில் பாதிப்பேர் வரை இது வந்து, பெரும்பாலோர்க்கு ஓரிரு ஆண்டுகளில் தானே அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது. நடுவயதிலும் முதுமையிலும் கல்லீரல் நோய், உடற்கொழுப்பு, இதயத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் தரும் சில மாத்திரைகள் ஆகியவை இதைக் கொண்டுவரும். ஜிம்மில் ஊசியாக ஏற்றிக்கொள்ளும் ஸ்டீராய்டு இளைஞர்களிடம் இதே வேலையைச் செய்கிறது.

7ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவரான ஏஜினாவின் பவுல் இதற்கான அறுவை முறையை எழுதிவைத்திருக்கிறார். மார்பின் கீழே பிறை வடிவில் கீறி உள்ளிருப்பதை அகற்றச் சொல்கிறார். ஏன் அகற்ற வேண்டும்? வலியையோ ஆபத்தையோ அவர் காரணமாகச் சொல்லவில்லை. பெண்தன்மை என்ற பழிச்சொல்லுக்கு இது ஆளாக்குகிறது என்பதே அவர் காட்டும் காரணம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கத்தியைத் தேடி வரும் பலரை அழைத்துவருவது அந்தப் பழிதான்.

இனி அந்த முதற்கணத்துக்கு வருவோம். மனைவி பார்க்கிறாள், அல்லது கைபட்டு உணர்கிறாள். “என்னங்க இது?” என்கிறாள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள உதவும் என்பது என் துணிபு. செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தை மருத்துவமனைக்கு இழுத்துவருவதாகச் சிலர் குறை கூறலாம். ஆனால் உள்ளத்து உணர்வு உடலில் புலப்பட்டு, காண்பவர்க்கு விளங்குவதைத்தான் மெய்ப்பாடு என்கிறோம். இங்கே நடப்பதும் அதுவே. மருட்கை, அதாவது வியப்பு, பிறக்கும் நிலைக்களன்களுள் முதலாவதாகத் தொல்காப்பியர் வைப்பது புதுமை. இளிவரலுக்கு, அதாவது இழிவுணர்வுக்கு, அவர் சொல்லும் நான்கு, மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. கடைசியிலுள்ள மென்மையை நான் பலமுறை நின்று படித்திருக்கிறேன். ஆணுக்குப் பெருமையையும் உரனையும் உரிமையாக்கிய நூல், மென்மையை இழிவுணர்வின் பிறப்பிடங்களுள் ஒன்றாகவும் எண்ணுகிறது. தன்கண் தோன்றுவது, பிறன்கண் தோன்றுவது என்று உரையாசிரியர்கள் மெய்ப்பாடுகளைப் பிரித்துப் பேசுவதும் இங்கே பொருந்துகிறது. கணவனிடம் இளிவரல் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தன்கண் தோன்றி ஊறிக் கிடக்கிறது. மனைவிக்கோ இது புதுமை; அவளிடம் எழுவது மருட்கை. நோயாக இருக்குமோ என்று கொஞ்சம் அச்சமும் கலந்திருக்கலாம். ஆனால் அவள் முகத்தில் அவன் காண்பது வகுப்பறையில் சிரித்தவர்களின் முகத்தை. கேள்விக்கு விடை சொல்லாமல் சட்டையைத் தேடுகிறான்.

காம்படியில் வலியும் இருந்துவிட்டால் சிக்கல் கூடுகிறது. அணைக்கும்போது வலிக்கிறது, விலகுகிறான். தன்னைப் பிடிக்கவில்லை என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். இப்போது பிழையாகப் படிப்பவர்கள் இருவர்.

இதைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. “பொம்பள மாதிரி” என்பதுதான் அவனை வாட்டிய வசை. அந்த வசைக்கு அஞ்சித் தன் உடலை வெறுக்கும் ஆண், அந்த வெறுப்பைச் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பவள் ஒரு பெண். இழிவுக்கு அளவுகோலாக வைக்கப்படுவது அவளுடைய உடல். கணவன் தன் மார்பைக் கண்டு கூசும்போது மனைவிக்கு ஏன் சுருக்கென்கிறது என்று கேட்கும் ஆய்வு நமக்கு வேண்டும். உடற்தோற்றக் கவலையை ஆணின் தனிமனத்துக்குள் மட்டுமே தேடினால் இந்தக் கேள்வி எழவே எழாது.

மௌனம் உடலுக்குச் செய்யும் கேட்டைப் பார்ப்போம். 1999இல் வெளிவந்த ரேல்ஸ் ஆய்வு, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேரிடம் ஸ்பைரனோலாக்டோன் மருந்தைச் சோதித்தது. இறப்பு வெகுவாகக் குறைந்தது. அதே மருந்தை உட்கொண்ட ஆண்களில் 10 விழுக்காட்டினர்க்கு மார்பக வீக்கமோ மார்பக வலியோ வந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 1 விழுக்காடு. வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தும் ஒருவர், உயிர்காக்கும் மருந்தை நிறுத்துகிறார். எப்ளரினோன் என்னும் மாற்று மருந்து உண்டு. அதில் இந்தத் தொல்லை அரிது. ஆனால் சொன்னால்தானே மாற்ற முடியும்? புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பைக்கலூட்டமைடை மட்டும் தனித்துப் பெறும் ஆண்களில் பெரும்பாலோர்க்கு மார்பு வீங்குகிறது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் தமாக்சிபென் மாத்திரையாலோ சிறு கதிர்வீச்சாலோ பெரிதும் தடுக்கலாம். வீக்கம் புதிதாக இருக்கும் முதற் சில மாதங்களில்தான் மருந்து பலிக்கும். ஓராண்டு கடந்தால் திசு நாராக இறுகிவிடும். பிறகு அறுவை ஒன்றே வழி. கணவனும் மனைவியும் பேசாமல் கழிக்கும் காலம் பெரும்பாலும் அந்த முதல் ஆண்டுதான்.

குழந்தையின்மை வழக்கில் இது இன்னும் கொடிது. 1942இல் ஹாரி கிளைன்பெல்ட்டரும் உடன்பணியாற்றியோரும் ஒன்பது ஆண்களை விவரித்தபோது, கட்டுரைத் தலைப்பிலேயே மார்பக வீக்கம் இடம்பெற்றது. விந்தணு உருவாகாமை அதன் இணை அறிகுறி. கூடுதலாக ஓர் எக்ஸ் நிறமூர்த்தம் இருப்பதே காரணம் என்பது 1959இல் தெரிந்தது. கிளைன்பெல்ட்டர் பெயரால் வழங்கும் அந்த நிலை உள்ள எல்லாருக்கும் மார்பு வீங்குவதில்லை. வீங்கியவர் எல்லாருக்கும் அந்த நிலையும் இல்லை. ஆயினும் நம் ஊர்களில் ‘மலடி’ என்ற சொல்லைத் தாங்கி, அரசமரம் சுற்றி, பரிசோதனை மேல் பரிசோதனைக்கு உட்படுபவள் மனைவி. கணவனின் உடலில் ஒரு தடயம் திருமண நாளிலிருந்தே கண்ணெதிரே இருந்தும், அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டமாக இருந்திருக்கலாம்.

உண்மையிலேயே அருவருக்கும் மனைவியரும் உண்டு என்பதை மறுக்கவில்லை. சண்டையில் அதை ஆயுதமாக எடுப்பவர்களும் உண்டு. அந்தக் கொடுமையைச் சிறிதாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. “எனக்கு ஒண்ணும் இல்லைங்க, விடுங்க” என்று அன்பால் மூடிவிடுவதும் போதாது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். அரிதுதான், மொத்த மார்பகப் புற்றுநோயில் 1 விழுக்காட்டளவு. ஒரே பக்கத்தில், காம்பை விட்டு விலகி, கல்போல் இறுகிய கட்டியையும், காம்பிலிருந்து கசியும் இரத்தத்தையும் முதலில் காண்பது மனைவியாக இருக்கக்கூடும். அவளுடைய கேள்வியை வாயடைக்கச் செய்யும் வீட்டில் அந்தக் கண்ணும் பயனற்றுப் போகிறது.

மருத்துவமனையிலும் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. “கொஞ்சம் வெளியே இருங்கம்மா” என்று மனைவியை அனுப்பிவிட்டுத்தான் திரையை இழுக்கிறார்கள். நோயாளியின் கூச்சத்தை மதிக்க வேண்டும். ஆனால் மனைவி உடனிருக்கலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். எப்போதிலிருந்து இருக்கிறது என்று மருத்துவர் கேட்கிறார். “சின்ன வயசிலேர்ந்தே இப்படித்தான் சார்” என்கிறார் ஐம்பது கடந்த கணவர். பக்கத்தில் நிற்கும் மனைவி தயங்கித் தயங்கித் திருத்துகிறாள்: “இல்லைங்க டாக்டர். போன தீபாவளிக்குத் தலையில எண்ணெய் வெச்சப்ப இல்ல. அந்த நெஞ்சு மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான்.”