தகுதி விளைந்த இடம்: இஸ்ரேலின் சைபர் தொழிலும் நம் கேள்வியும்

இடஒதுக்கீடு என்று வாய் திறந்தாலே "தகுதி, திறமை" என்று நம்மை மடக்குகிறவர்கள் கைகாட்டும் நாடுகளில் ஒன்று இஸ்ரேல். "சின்ன நாடு, சைபர் பாதுகாப்பில் உலகச் சந்தையையே பிடித்துவிட்டது, எல்லாம் மூளை" என்பார்கள். அந்த மூளைக்கு யார் உரமிட்டார்கள் என்று வரலாற்றைப் புரட்டுவோம்.

கணினி வலையமைப்புகளைக் காக்கும் ஃபயர்வால் மென்பொருளை உலகெங்கும் விற்ற செக் பாயின்ட் நிறுவனம் 1993இல் தொடங்கியது. நிறுவனர்களில் ஒருவரான கில் ஷ்வெட், ராணுவ உளவுப் பிரிவு 8200இல் பணியாற்றியவர். பள்ளி முடிக்கும் பிள்ளைகளைச் சலித்தெடுத்து, அரசுச் செலவில் பயிற்றுவிக்கும் பிரிவு அது. அதே 1993இல் 'யோஸ்மா' திட்டத்துக்கு அரசு 10 கோடி டாலர் ஒதுக்கி, வெளிநாட்டு முதலீட்டாளர்களை அழைத்தது. 2011இல் தேசிய சைபர் பணியகம் அமைக்க முடிவெடுத்தது. பீர்ஷெபாவில் பல்கலைக்கழகத்தை ஒட்டித் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. 2025இல் விஸ் நிறுவனத்தை 3,200 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது. ஆக, பயிற்சி அரசுடையது, முதல் பணமும் அரசுடையது. பெயர் மட்டும் தனிமனிதத் திறமை!

அந்தக் கதவு யாருக்குத் திறந்தது? இஸ்ரேல் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு மக்கள். ட்ரூஸ் ஆண்கள் போன்ற சிலரைத் தவிர, அவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை இல்லை. தம் உறவுகளையே ஒற்றறியும் படையில் சேர எத்தனை பேர் விரும்புவார்கள்? 8200 வழியாகக் கிடைக்கும் பயிற்சி, நட்பு, முதலீடு எல்லாம் அவர்களுக்கு எட்டாமல் போயின. 2014இல் அந்தப் பிரிவைச் சேர்ந்த 43 பேர், பாலஸ்தீனர்களின் அந்தரங்கத்தை உளவு பார்க்கும் வேலையை இனிச் செய்யமாட்டோம் என்று கடிதம் எழுதினார்கள்.

உளவும் பாதுகாப்பும் ஒரே பட்டறையில் அடித்த கத்திகள். 2010இல் தொடங்கிய என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் கருவியை விற்க இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்கிறது நிறுவனம். 2019இல் சுமார் 1,400 பேரின் கைப்பேசிகள் குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் வழக்குத் தொடுத்தது. எச்சரிக்கை பெற்ற இந்தியர்களில் தலித் அறிஞர் ஆனந்த் டெல்டும்டேவும் ஒருவர். உலகச் சந்தையில் போட்டியிடும் அந்தச் சரக்கு நம் வாசலுக்கும் வந்துவிட்டது.

5 ஆண்டுகளில் 5 லட்சம் சைபர் வல்லுநர்கள் என்று இந்திய அரசும் 2013ஆம் ஆண்டுக் கொள்கையில் எழுதியது. தனியார் வேலையில் இடஒதுக்கீடு இல்லாத நாட்டில் அந்த 5 லட்சத்தில் நாம் எத்தனை பேர்? பொதுப்பணத்தில் வளரும் தொழில் என்றால், பயிற்சி இடத்திலும் முதலீட்டிலும் நம் பங்கு எழுத்தில் வரவேண்டும். கண்காணிப்புக்கு நீதிமன்ற அனுமதி கட்டாயமாகவேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தே கேட்போம்.