‘4கே’ ட்ரோன் வீடியோ மாலையில் மங்குவது ஏன்?

பகலில் பளிச்சென்று இருக்கும் ட்ரோன் வீடியோ, பொழுது சாய்ந்ததும் புள்ளி புள்ளியாகிவிடும். அதே ‘4கே’ கேமராதான். அப்புறம் எங்கே சிக்கல்?

காரணம், சென்சார். டிஜேஐ மினி 2 ட்ரோனில் இருப்பது 1/2.3 இன்ச் சென்சார். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் பரப்பளவில் இதைவிட சுமார் 30 மடங்கு பெரியது. ட்ரோனின் மொத்த எடையே 249 கிராம்தான். அவ்வளவு பெரிய சென்சாரும் லென்ஸும் வைக்க வழியில்லை.

வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ ஏறும். கூடவே ‘நாய்ஸ்’ வரும். 4கே என்பது பிக்சல் எண்ணிக்கை மட்டுமே.

என்ன செய்யலாம்?

கல்யாணத்துக்கு ட்ரோன் பேசும்போது, “4கேவா?” என்பதோடு நிறுத்தாமல் சென்சார் அளவையும் கேளுங்க. வான்காட்சிகளைச் சூரியன் மறையும் முன்பே எடுத்துவிடச் சொல்லுங்க.