வாப்பிச்சி மரிக்காரின் சுவரும் உம்மும்மாவின் கிதாபும்



போன கிழமை தரம் 8 பிள்ளைகளைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், ஏன் இங்க லைட்டைக் குறைச்சு வச்சிருக்காங்க?" நல்ல கேள்வி. சாயமும் துணியும் தாளும் வெளிச்சத்தில் மங்கும். மங்கியதைத் திருப்பி எடுக்கவே முடியாது.

அந்தக் கட்டடம் 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சி, வரைபடம் ஜே. ஜி. ஸ்மிதருடையது. கட்டி முடித்தவர் நம்மவர், வாப்பிச்சி மரிக்கார். புறக்கோட்டைப் பழைய நகர மண்டபமும் அவர் கைவேலைதான். என்ன சன்மானம் வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் மூடி வையுங்கள் என்று மட்டும் கேட்டாராம். கதையோ உண்மையோ, நெடுங்காலம் அது வெள்ளியில் மூடித்தான் இருந்தது.

நான் பார்த்தது சுவரை. தடித்த சுவர், உயர்ந்த கூரை, வெயிலை வெளியே நிறுத்தும் விறாந்தை. ஏசி இல்லாத காலத்தில் உள்ளே வெப்பம் சட்டென்று ஏறி இறங்காமல் வைத்தது இதுதான்.

பொருட்களைக் கெடுப்பதில் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய பங்கு. இரண்டாம் உலகப் போரில் லண்டன் தேசிய ஓவியக்கூடத்துப் படங்களை 1941இல் வேல்ஸில் மனோட் என்ற கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே வெப்பமும் ஈரப்பதனும் ஒரே அளவில் இருந்தன. வர்ணம் உரிவது குறைந்தது. போர் முடிந்து லண்டன் திரும்பியதும் மறுபடி உரியத் தொடங்கியது. நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பதை விட அறையைக் கவனிப்பது மேல் என்று அப்போது நன்றாக விளங்கியது. பகலில் ஏசியைப் போட்டு இரவில் நிற்பாட்டுகிற நம் வழக்கம் இதற்கு நேர் எதிர்.

கொழும்பில் நமக்கு ஈரம்தான் எதிரி. ஈரப்பதன் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே பெரும்பாலான நாட்கள் அதற்கு மேல்தான். வெள்ளவத்தையில் கடற்காற்றின் உப்பும் சேர்கிறது, அது ஈரத்தை இழுத்து இரும்பையும் வெண்கலத்தையும் அரிக்கும்.

நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு செங் ஹே கொண்டுவந்தது, அவரும் ஒரு முஸ்லிம். 1911இல் காலியில் ஒரு மதகை மூடிய கல்லாகக் கிடந்து அகப்பட்டது. பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்து போயிருக்கிறது. கல்லுக்கே இந்தக் கதி.

எங்கள் உம்மும்மாவின் அறபுத் தமிழ்க் கிதாபைக் கடற்கரைப் பக்கச் சுவரோடு ஒட்டிய இரும்பு அலுமாரியில், பொலித்தீனில் சுற்றிப் பத்திரமாக வைத்தோம். பத்திரமாக என்று நினைத்தோம். பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்தது. திறந்தபோது தாள்கள் கட்டியாக ஒட்டியிருந்தன.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய கிதாப் இருந்தால் வெளிச்சுவரை விட்டுத் தள்ளி, காற்றோட்டமான மர அலுமாரியில் வையுங்கள். பருத்தித் துணியில் சுற்றலாம். வெயிலில் காயப்போட வேண்டாம், லெமினேட் பண்ணவே வேண்டாம். ஒரு சின்ன ஈரமானி வாங்கி உள்ளே வைத்துக் காலையும் மாலையும் எழுதி வாருங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இப்போது பாடசாலை நூலகத்தில் அதைத்தான் செய்கிறார்கள்.

எங்களிடம் தப்பியது 11 தாள்கள். முதல் தாள் இல்லாததால் பெயர் தெரியவில்லை. படம் போட்டிருக்கிறேன், எந்தக் கிதாப் என்று தெரிந்த பெரியவர்கள் சொல்லுங்கள்.