நிபந்தனையின் பேரில் அனுமதி: இந்திய ஆய்வுக்கூடங்களில் பெண்கள்

பம்பாய்ப் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. தேர்வில் முதலிடம் பெற்ற கமலா பாக்வத், 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். தந்தையும் தந்தையின் சகோதரரும் படித்த இடம் என்பதால் தனக்கு இடம் கிடைப்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது. கழகத்தின் இயக்குநர் சி.வி. ராமன், அவர் பெண் என்பதைக் காரணம் காட்டி மறுத்தார். கமலா ராமனிடம் நேரில் போய் வாதாடினார். சத்தியாகிரகம் இருக்கவும் துணிந்தார். கடைசியில் இடம் கிடைத்தது, நிபந்தனைகளோடு. முதல் ஓராண்டு வெறும் சோதனைக்காலம். வழிகாட்டி சொன்னால் இரவு வெகுநேரம்வரை வேலை செய்ய வேண்டும். அவர் அங்கே இருப்பது ஆண் ஆய்வாளர்களின் கவனத்தைக் கெடுக்கக் கூடாது.

இடம் கிடைத்ததை எல்லா வாழ்க்கைக் குறிப்புகளும் வெற்றிக் கதையாகச் சொல்கின்றன. இக்கட்டுரை நிபந்தனைகளைப் பின்தொடர்கிறது. வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நிபந்தனைகள் பின்னாளில் மறைந்தன. ஆனால் அவை எழுதப்படாத வழக்கமாக நிறுவனங்களில் தங்கிவிட்டன என்பதும், அவற்றைக் கேள்வி கேட்கும் கருவியான மகளிரியல் வளாகத்துக்குள்ளேயே உருவான பிறகும் ஆய்வுக்கூடத்தை அது வெகுகாலம் எட்டவில்லை என்பதும் என் வாதம்.

மருத்துவத்தின் கதை வேறு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளத் தயங்கும் பெண் நோயாளிகளுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற நியாயம் அங்கே இருந்தது. இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ அப்படி ஒரு நியாயம் சொல்ல வழியில்லை. அறிவியலைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர ஒரு பெண்ணால் வேறு காரணம் காட்ட முடியாது. அந்தக் காலத்தில் அது போதுமான காரணமாகக் கருதப்படவில்லை.

சென்னையில் 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியும் 1915இல் தொடங்கிய பெண்கள் கிறித்துவக் கல்லூரியும் இந்த நிலையை ஓரளவு மாற்றின. தலச்சேரியில் பிறந்த தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாள் முதல் கல்லூரியில் படித்து, மாநிலக் கல்லூரி வழியாக வந்து, இரண்டாவது கல்லூரியில் ஆசிரியரானார். ஆசிய நாட்டுப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931இல் முனைவரானார். 1934 முதல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை மக்காச்சோளம் போன்ற வேற்றினப் புல்வகைகளோடு கலப்பினம் செய்தார். திருமணம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்த பெண் என்பதும், அவருடைய சாதியும் அங்கே அவருக்கு இடைஞ்சலாயின என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியிருக்கிறார்கள். 1940 முதல் 1951வரை அவர் பணியாற்றியது இங்கிலாந்தில்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் மின்பொறியியல் சேர்ந்த அ. லலிதா, பதினெட்டு வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்றவர். தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வரிடம் பேசி அனுமதி வாங்கினார். இப்படிப் பரிந்து பேச ஆள் இல்லாத எத்தனை பெண்கள் வாசலோடு திரும்பினார்கள் என்பதற்குப் பதிவேடு இல்லை. லலிதாவின் சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சடித்த படிவம். அதில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, மேலே பேனாவால் திருத்தியிருந்தார்கள்.

நிபந்தனை எப்படி வழக்கமாக மாறியது என்பதை அன்னா மாணியின் ஐந்து ஆண்டுகள் காட்டுகின்றன. திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அவர், 1940இல் ராமனின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். வேலை, வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் பதிவு செய்வது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள். வைரத்தைக் கடுங்குளிரில் வைத்து, ஒளிப்படத் தகட்டில் ஒரு நிறமாலை பதிய 15 முதல் 20 மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. 1942க்கும் 1945க்கும் இடையில் தனி ஆசிரியராக ஐந்து ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஐந்து கட்டுரைகளும் பல்கலைக்கழகத்தின் கண்ணில் படவில்லை போலும்.

ஆண்களும் பெண்களும் பேசிக்கொள்வதே ராமனின் ஆய்வுக்கூடத்தில் குற்றமாகப் பார்க்கப்பட்டது. கருவியைக் கையாள்வதில் பெண் செய்யும் சிறு பிழைகூட 'இவர்களுக்கு இது வராது' என்பதற்குச் சான்றாயிற்று. ராமனின் மாணவிகளை விரிவாக ஆராய்ந்த அபா சூர் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால், பெண் என்பதால் தன் ஆய்வுக்குத் தடை ஏதும் வரவில்லை என்பதே அன்னா மாணியின் நிலைப்பாடு. பட்டம் இல்லாமலே இந்திய வானிலைத் துறையில் உயர்ந்து, அளவைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தவர் அவர். அவருடைய சொல்லைத் தள்ளிவிட்டு அவரைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் எழுதுவது ஆராய்ச்சிக்கு அழகல்ல. அதே சமயம், ஒருவர் குறை சொல்லவில்லை என்பதால் நிறுவனம் நியாயமாக நடந்துகொண்டது என்றும் ஆகிவிடாது.

நிறுவனத்தை நோக்கிக் கேள்வி கேட்கும் துறையான மகளிரியல் இங்கே 1970களில்தான் பிறந்தது. இந்தியப் பெண்களின் நிலை குறித்த அரசுக் குழு 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையை 1974இல் முடித்தது. அதே ஆண்டு பம்பாய் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் ஆய்வுப் பிரிவு தொடங்கியது. முதல் தேசிய மகளிரியல் மாநாடும் 1981இல் அங்கேதான் கூடியது. மறு ஆண்டு இந்திய மகளிரியல் சங்கம் உருவானது. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இல் வந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியில் மகளிரியல் மையங்கள் பெருகின.

வரதட்சணை, கூலி, நிலம், வன்முறை ஆகியவை இம்மையங்களின் முதல் கவலைகளாக இருந்ததில் தவறில்லை. அன்றைய அவசரம் அது. ஆனால் மையம் சமூக அறிவியல் கட்டடத்தில் இருந்தது. இயற்பியல் துறை தன்னைப் பால் வேறுபாட்டுக்கு அப்பாற்பட்டதாக நினைத்துக்கொண்டது. பெண் விஞ்ஞானிகள் 1973இல் தங்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்திருந்தும், அவர்களும் மகளிரியலாரும் ஒரே மேசையில் உட்காரப் பல ஆண்டுகள் பிடித்தன. கமலா பாக்வத், திருமணத்துக்குப் பின் கமலா சோஹோனி, ராமனின் மறுப்பு தன்னை எவ்வளவு அவமானப்படுத்தியது என்பதைத் தன் எண்பது வயதுக்குப் பிறகு இச்சங்க நிகழ்ச்சியொன்றில் வெளிப்படையாகப் பேசினார். 1998இல் மறைந்தார்.

திருப்பம் 2000களில். இந்திய தேசிய அறிவியல் கழகம் பெண்களின் அறிவியல் பணிவாழ்வு பற்றி 2004இல் அறிக்கை தந்தது. ரோகிணி கோட்போலேயும் ராம் ராமசாமியும் தொகுத்த 'லீலாவதியின் மகள்கள்' 2008இல் வந்தது. ஏறத்தாழ நூறு பெண் விஞ்ஞானிகளின் வாழ்க்கை அதில் உண்டு. என் பார்வையில் அதைவிட முக்கியமானது 2010இல் வந்த ஓர் ஆய்வு. முனைவர் பட்டம் பெற்ற பின் ஆய்வைக் கைவிட்ட பெண்களை அது தேடிப்பிடித்து விசாரித்தது. பிள்ளை, குடும்பம் என்ற வழக்கமான விளக்கத்தைவிட, தகுந்த வேலை கிடைக்கவில்லை என்பதே அவர்களிடமிருந்து மிகுதியாக வந்த பதில். 2019இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் கூடிய இயற்பியலாளர் மாநாடு பாலின நியாயத்துக்கான சாசனமொன்றுக்கு வழி வகுத்தது. பெண் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதிலிருந்து துறை தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற இடத்துக்குப் பேச்சு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

அறிவியல் பிரிவு மாணவர் எண்ணிக்கையில் 2020-21இல் பெண்கள் 29.5 லட்சம், ஆண்கள் 27.6 லட்சம். ஆராய்ச்சிப் பணியில் நேரடியாக ஈடுபட்டோரில் பெண்களின் பங்கு 2018இல் 16.6 விழுக்காடு. வகுப்பறை நிரம்பி வழிய, ஆய்வுக்கூடம் காலியாகிறது. படிப்பு முடிந்து வேலைக்குச் சேரும் அந்தச் சில ஆண்டுகளில்தான் வயது வரம்பும், தற்காலிகப் பணியும், இரவில் ஆய்வுக்கூடத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியும் பழைய நிபந்தனைகளின் வேலையைச் செய்கின்றன.

ராமன் விளைவு அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 2020இல் அதன் கருப்பொருள் அறிவியலில் பெண்கள். கமலாவை ஏற்பாட்டாளர்கள் நினைத்துப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. பத்து நாளுக்குள் மார்ச் 8 வந்துவிடும். நம் கல்லூரிகள் பலவற்றில் கோலப் போட்டியும், சாதனைப் பெண்ணுக்குப் பொன்னாடையும், பட்டிமன்றமும் நடக்கும். பொன்னாடை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே மேடையில், கல்லூரியின் அறிவியல் துறைகளில் கடந்த பத்தாண்டுகளில் எத்தனை பெண்கள் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கணக்கையும் வாசிக்கலாம். சென்னையின் பழைய மகளிர் கல்லூரிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் ஆய்வுக்கூட ஏடுகளையும் மகளிரியல் மாணவிகளும் அறிவியல் மாணவிகளும் சேர்ந்து தொகுக்க வேண்டும். அந்தத் தாள்கள் நூறு வயதைத் தாண்டிவிட்டன.