நத்தைக்கும் ஓர் ஊர் உண்டு

(விலங்கியல், 1974–77 அணி)

"மலருக்கு நீயும் ஒரு கட்டுரை கொடுத்தே ஆகணும், பழைய கதையா இருந்தாலும் பரவாயில்லை" என்று விழாக்குழு நண்பர் போனில் சொல்லிவிட்டார். ஹாஸ்டல் சாம்பாரையும், கடைசி பெஞ்சுக் கூத்துகளையும் மற்றவர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள். நான் நத்தையைப் பற்றி எழுதுகிறேன். விலங்கியல் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. மற்ற துறை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இதில் நம் பாலாறும் வருகிறது, தோலும் வருகிறது.

இரண்டாம் ஆண்டு பிராக்டிகல் நாள். அட்டெண்டர் அண்ணன் ஒரு ஈரக் கோணிப்பையைக் கொண்டுவந்து மேடையில் கொட்டினார். கடகடவென்று உருண்டவை அத்தனையும் ஏரி நத்தைகள். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். அப்போது பேராசிரியர் உள்ளே வந்து, "இது எந்த ஏரியில பிடிச்சது?" என்று கேட்டார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஏதோ ஒரு ஏரி சார், பசங்க பிடிச்சாந்து கொடுத்தாங்க" என்றார். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்கப்பா. அதுக்கும் ஊர் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் எனக்குப் புரிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அன்று ரெக்கார்டு நோட்டில் எல்லோரும் எழுதிய பெயர் 'பைலா குளோபோசா'. படம் வரைந்தோம், பாகம் குறித்தோம், கையெழுத்து வாங்கினோம். ஊர் என்ற இடமே அந்த நோட்டில் கிடையாது.

பெயர் எங்கிருந்து வந்தது?

இந்தியக் கல்லூரிகளில் இந்த நத்தையைப் பாடப்பொருளாக நிலைநிறுத்திய நூல், கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய பைனி பிரசாத் 1932இல் எழுதிய 'பைலா' என்ற சிறு நூல்தான். நாம் படித்த பாடப்புத்தகங்களில் பலவற்றுக்கு அதுவே தாய்நூல். அதனால் வடக்கிலும் கிழக்கிலும் வழக்கமான குளோபோசா, நம் ஊர் ரெக்கார்டு நோட்டுகளிலும் குடியேறிவிட்டது. ஆனால் தென்னிந்திய ஏரிகளிலும் வயல்களிலும் பரவலாகக் காணப்படுவது அதன் நெருங்கிய உறவான 'பைலா வைரன்ஸ்'. வைரன்ஸ் என்றால் பச்சை சார்ந்தது என்று பொருள். நல்ல ஓட்டைக் கழுவி வெயிலில் பிடித்துப் பாருங்கள், பொருத்தமான பெயர் என்று தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு இனங்களும் விஞ்ஞானப் பெயர் பெற்றது ஒரே ஆண்டில், 1822இல். குளோபோசாவுக்குப் பெயர் சூட்டியவர் ஆங்கிலேயரான சுவைன்சன். வைரன்ஸுக்குப் பெயர் வைத்தவர் வேறு யாருமில்லை, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்காக நாம் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய அதே லாமார்க்! அப்போது அவர் பார்வையை இழந்திருந்தார். கடல் தாண்டிப் போன நம் நாட்டு ஓட்டுக்கு பாரிஸ் நகரத்தில் பெயர் கிடைத்தது. அது வாழ்ந்த ஏரியை அவர் கண்டதில்லை.

இந்த வித்தியாசத்தை நான் தெரிந்துகொண்டது, சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எஸ். தாமஸ் சத்தியமூர்த்தி 1960இல் வெளியிட்ட அட்டவணை நூலின் வழியாக. அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்த நில, நன்னீர் நத்தைகளையும் மட்டிகளையும் இனவாரியாகத் தொகுத்த நூல் அது. கதையோ கற்பனையோ இல்லாத வறண்ட அட்டவணைதான். ஆனால் அதைப் புரட்டியபோதுதான் சார் சொன்னது உறைத்தது. ஓடு எங்கே கிடைத்தது, யார் எடுத்தார் என்ற சீட்டு இருந்தால் அது சாட்சி. சீட்டு இல்லாவிட்டால் வெறும் சுண்ணாம்பு.

சீட்டு எழுதியவர்கள்

நத்தையை உற்றுப் பார்த்தது வெள்ளைக்காரர்கள் மட்டுமே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கும்போது, நந்தையும் முரளையும் ஈரறிவு உயிர்களாக வைக்கிறது. நந்து என்பது நத்தை, முரள் என்பது மட்டி இனம். தொடுதலும் சுவையும் மட்டுமே உடையவை என்பது அந்தக் கணக்கு. புழுவோடும் பூச்சியோடும் சேர்க்காமல் இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்ததே பெரிய காரியம்.

சேகரித்துச் சீட்டு எழுதும் வேலை 19ஆம் நூற்றாண்டில் சூடுபிடித்தது. புவியியல் துறையில் வேலைக்கு வந்த பிளான்ஃபோர்டு சகோதரர்கள், வில்லியமும் ஹென்றியும், 1860 முதல் இந்திய நத்தைகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார்கள். சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்த கர்னல் பெட்டோம், பெரணிகளையும் பாம்புகளையும் போலவே மலைக்காட்டு நத்தைகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். இவர்களைப் போன்றோரின் உழைப்பெல்லாம் திரண்டு 1908, 1914, 1915, 1921 ஆண்டுகளில் 'பிரிட்டிஷ் இந்திய விலங்குகள்' வரிசையில் மெல்லுடலிகளுக்கான தொகுதிகளாக வந்தன. ஆர்வம் விபரீதமானதும் உண்டு. பென்சன் என்ற அதிகாரி மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை 1847இல் கல்கத்தாத் தோட்டம் ஒன்றில் விடப்பட்டது. இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் தோட்டப் பயிரை அதன் வம்சம் மேய்கிறது.

சீட்டின் அருமைக்கு இன்னொரு சாட்சி நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கம் மண்ணில் கிடைத்த கல்லான சிப்பிகளை 1840களில் சில அதிகாரிகள் இங்கிலாந்துக்கு அனுப்ப, எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார். பின்னர் இன்றைய செக் நாட்டில் பிறந்த ஸ்டோலிச்கா, கல்கத்தாவில் அமர்ந்து தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களுக்குப் பெருந்தொகுதிகள் எழுதினார். சுருளோட்டு அம்மோனைட்டுகள், நத்தைகள், இருமட்டிகள் என்று 1873 வரை அந்த வேலை நீண்டது. அடுத்த ஆண்டே லடாக் மலைப்பாதையில் 36 வயதில் அவர் உயிர் பிரிந்தது. ஊட்டத்தூர், அரியலூர் என்ற நம் ஊர்ப் பெயர்கள் அந்தப் பாறை அடுக்குகளுக்கே பெயராகி உலகெங்கும் வழங்குகின்றன. எந்தச் சிப்பி எந்த ஊரின் எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதி வைத்ததால்தான், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மோனைட்டுகள் அழிந்த கதையில் நம் மண்ணும் பேசுகிறது.

இனி நம்ம ஆறு

ஏரி நத்தை லேசுப்பட்ட பிராணி அல்ல. ஒரு பக்கம் செவுள், இன்னொரு பக்கம் நுரையீரல். தண்ணீரிலும் மூச்சு விடும், காற்றிலும் விடும். ஏரி வற்றினால் சேற்றில் புதைந்து, மூடியை இறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். பைலா வைரன்ஸின் இந்தக் கோடை உறக்கத்தை 1950களில் வி. ஆர். மீனாட்சி என்ற அறிஞர் ஆராய்ந்து, காற்றில்லாமலே அது உயிரைப் பிடித்துக்கொள்ளும் விதத்தை எழுதினார். வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாய்க் கிடக்கும் பாலாற்றுப் பக்கத்து ஏரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான குடிமகன் உண்டா?

வறட்சியைத் தாங்கத் தெரிந்த உயிர் எல்லாவற்றையும் தாங்கிவிடாது. நம் பக்கத்துத் தோல் ஷாப்புகள் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்டு வந்தவை. 1973இல் அரைப்பதனத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபின், முழுப்பதனத் தோலும் செருப்பும் ஷூவும் என்று தொழில் வளர்ந்தது. குரோம் பதனீடு பெருகியது. ஊர் வளர்ந்தது, வேலை வந்தது. என் அப்பாவும் தோல் ஷாப்பில்தான் வேலை பார்த்தார். எனக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டியது அந்தக் கூலிதான். அதனால் இதை எழுதும்போது யாரையும் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் தோலிலிருந்து வந்த உப்பும், தொட்டியிலிருந்து வந்த குரோமியமும் எங்கே போயின என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கெடுமுன்பே காக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது நம் மாவட்டத்து வழக்கால்தான். இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் அத்தனை பேரும் வேலூர் பெயரைப் படிக்கிறார்கள். இழப்பீட்டை மதிப்பிட ஆணையமும் அமைந்தது. ஆனாலும் விவகாரம் ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காக உத்தரவிட வேண்டியிருந்தது.

விவசாயிக்கு நிலத்தின் பட்டா இருந்தது, கிணற்றுக்குச் சர்வே எண் இருந்தது. அதனால் இழப்பை எண்ண முடிந்தது. நத்தைக்கும் மட்டிக்கும் என்ன பட்டா இருந்தது? நன்னீர் மட்டியின் கதையைக் கேளுங்கள். அதன் குஞ்சு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில காலம் வளர்ந்த பிறகே தரையில் இறங்கும். மீன் போனால் மட்டியும் போகும். மட்டி போனால் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித் தெளிய வைத்த ஓர் ஆளும் போய்விட்டதாக அர்த்தம். நஷ்டஈடு கேட்டு அது கோர்ட்டுக்கு வராது. நாம்தான் பேர் எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு கோணிப்பை நத்தையை அறுத்த எங்கள் வகுப்பு, அது எந்த ஏரி என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இதை நான் குறையாகச் சொல்வது என்னைத்தான்.

இன்றைய மாணவர்களுக்கு

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். உடுப்பியில் பூர்ணப்ரஜ்ஞா கல்லூரியின் விலங்கியல் ஆசிரியர் என். ஏ. மத்யஸ்தா, நம்மைப் போன்ற ஒரு கல்லூரியில் இருந்துகொண்டே நத்தை ஆராய்ச்சியை வளர்த்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிர்களின் நிலையை மதிப்பிட்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் கோயம்புத்தூரின் ஜூ அவுட்ரீச் அமைப்பும் 2011இல் அறிக்கை வெளியிட்டன. அதில் 77 மெல்லுடலி இனங்களின் நிலையை எழுதிய குழுவில் அவரும் இருந்தார். எது ஆபத்தில் இருக்கிறது, எது இல்லை என்று அவர்களால் சொல்ல முடிந்ததற்கு அடிப்படை, முந்தைய தலைமுறைகள் ஊரும் தேதியும் எழுதி வைத்த சீட்டுகளே. பெயர் கண்டுபிடிக்கத் துணை வேண்டுமானால், விலங்கியல் ஆய்வகத்துக்காக சுப்பா ராவ் 1989இல் எழுதிய இந்திய நன்னீர் மெல்லுடலிகள் கையேடு இருக்கிறது.

நீங்கள் எங்களைப் போல் நத்தையை அறுப்பதில்லை. 2011இல் யூஜிசி அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது நல்லதுதான். ஆனால் அறுப்பது நின்றதோடு பார்ப்பதும் நின்றுவிடக் கூடாது. உயிருள்ளதைத் தொட வேண்டாம். கரையில் கிடக்கும் காலி ஓட்டை எடுங்கள். செல்போனில் ஒரு படம் பிடியுங்கள். எந்த ஏரி, என்ன தேதி, யார் பார்த்தது என்று மூன்று வரி எழுதுங்கள். தெரியாத பெயரை இஷ்டத்துக்கு எழுத வேண்டாம். பெயரைப் பின்னால் யாராவது திருத்திக்கொள்வார்கள், ஊரைத் திருத்த ஆளிருக்காது. பத்து வருஷம் பத்து ஏரியில் இதைச் செய்தால், தண்ணீர் தேறி வருகிறதா என்பதற்கு நத்தையே சாட்சி சொல்லும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பார்த்து எத்தனை பேர் கண் கலங்கினோம்! ஆற்றில் தண்ணீர் வந்ததை நாம் எண்ணினோம். அதோடு என்னென்ன உயிர் திரும்பியது என்பதையும் யாராவது எண்ண வேண்டாமா?

ஒன்றுகூடல் அன்று காலை, டிபனுக்கு முன்னால், பக்கத்து ஏரிக்கரை வரைக்கும் நடக்கலாம் என்று நானும் எங்கள் அணி நண்பர்கள் நாலு பேரும் முடிவு செய்திருக்கிறோம். முழங்கால் வலிக்காரர்கள் மெதுவாகத்தான் நடப்போம். மாணவத் தம்பி தங்கைகளும் கூட வந்தால் சந்தோஷம். முதல் ஓடு கிடைத்ததும் அதில் சீட்டு ஒட்டி, துறை அருங்காட்சியக அலமாரியில் வைக்க வேண்டும். எங்கள் சாருக்கு நாங்கள் பாக்கி வைத்திருக்கும் ஒரு வரி அது.